கடிவாளத்தை அலசியவர்

அந்தக் குதிரை நின்ற இடத்தில் தரை குழிந்திருந்தது. பின்னங்கால்களை மாற்றி மாற்றி ஓங்கி அடித்துக்கொண்டே இருந்ததில் மண் பெயர்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் நிற்கிற அளவுக்கு இரண்டு பள்ளங்கள் விழுந்திருந்தன. நான் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனபோது அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கழுத்தை வளைத்துத் தன் கணுக்காலைப் பல்லால் கடிக்க முயன்றுகொண்டிருந்தது. எட்டவில்லை. மறுபடி காலை அடித்தது. அதன் முதுகில் கை வைத்தபடி நின்ற அம்மா, "மூணு வாரமா இப்டித்தான் கீது டாக்டரே. அதுவும் தூங்கல, நானும் தூங்கல" என்றார். மானாம்பதிக்கு வெளியே, ஏரிக்கரைக்குப் போகும் வழியில் இருந்த அவர் வீட்டுக்கு நான் போன முதல் நாள் அது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் யாராவது காலைத் தரையில் தட்டினால் எனக்கு அந்தப் பள்ளங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

நான் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால்நடை ஆய்வாளர் என்பது என் உத்தியோகம். மாட்டுக்குச் சினை ஊசி போடுவது, கோமாரித் தடுப்பூசிக்குத் தெருத் தெருவாக அலைவது, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து ஊற்றுவது, கணக்கெடுப்பு, படிவம், மறுபடியும் படிவம். படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் ஒருவர் எனக்கு மேலே இருந்தார். அவரைப் பெரிய டாக்டர் என்போம். ஆனால் ஊரில் பையைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குள் நுழைகிறவன் எல்லாம் டாக்டர்தான். வேலையில் சேர்ந்த முதல் வருஷம் "நான் டாக்டர் இல்லீங்க" என்று திருத்தினேன். இரண்டாம் வருஷம் திருத்துவதை விட்டேன். மூன்றாம் வருஷத்திலிருந்து யாராவது வெறுமனே "சார்" என்று கூப்பிட்டால் முகம் சுருங்க ஆரம்பித்தது. காஞ்சிபுரத்தில் தறி நெய்கிற வீட்டில் பிறந்தவன் நான். எங்கள் தெருவில் என் அம்மா, "எம் புள்ள டாக்டரு" என்று சொல்லிக்கொண்டதையும் நான் திருத்தியதில்லை. வாழ்நாளெல்லாம் மாடும் ஆடும் பார்த்தவனுக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும் என்று குதிரைக்காரம்மாவும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

குதிரைக்காரம்மா என்றுதான் ஊரே அவரைக் கூப்பிட்டது. நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிற குடும்பம். அவருடைய புருஷன் சென்னையில் பந்தயக் குதிரை கட்டுகிற லாயம் ஒன்றில் வேலை பார்த்தவர். ஓட முடியாது என்று ஒதுக்கிவிட்ட ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரையை ஊருக்குக் கொண்டுவந்து, காலில் சலங்கை கட்டி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விட ஆரம்பித்தார். நாலே வருஷத்தில் மாரடைப்பில் போய்விட்டார். குதிரை அந்த அம்மாவோடு நின்றுவிட்டது. தீனி வைப்பது, உடம்பு தேய்ப்பது, குளம்பு சுத்தம் செய்வது, ஊர்வலத்தன்று ஜரிகைத் துணி போர்த்திச் சலங்கை கட்டிக் கடிவாளம் மாட்டுவது வரை எல்லாம் அவர்தான். கடிவாள இரும்பை அவர் கையில் எடுத்தாலே குதிரை தானாக வாயைத் திறக்கும். மற்றவர்கள் போனால் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் தூக்கிக்கொள்ளும். இதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆனால் கல்யாண வீட்டு வாசலில் கயிற்றைப் பிடித்து நடப்பது அவர் தம்பி. தாலி இழந்தவர் மாப்பிள்ளைக் குதிரைக்கு முன்னால் வரக் கூடாதாம். அலங்காரம் எல்லாம் முடித்துக் கயிற்றைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, இவர் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். "அங்க நின்னாலும் சலங்க சத்தம் கேக்கும் டாக்டரே. எந்தக் காலத் தூக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்று ஒரு தடவை சொன்னார். குறைபட்டுக்கொள்கிற குரலில் சொல்லவில்லை. எனக்குத்தான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

அந்தச் சலங்கையில்தான் வினை வந்தது. தை மாசத்தில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு குதிரை கேட்டிருந்தார்கள். கூட வந்த வேறொருவர் குதிரைக்குச் சலங்கைப் பட்டை அறுந்துபோக, இவர்கள் தங்களிடம் உபரியாக இருந்த ஒரு ஜோடியை இரவல் கொடுத்தார்கள். திரும்பி வந்ததை அப்படியே பையில் போட்டு, அடுத்த முகூர்த்தத்துக்குத் தங்கள் குதிரைக்கே கட்டிவிட்டார்கள். பங்குனியில் நான் பார்த்தபோது, குளம்புக்கு மேலே பட்டை உட்காரும் இடத்தில் முடி கொட்டி, தோல் தடித்து, வேப்பமரத்துப் பட்டை மாதிரி பொருக்கு கட்டியிருந்தது. ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். சேற்றுப்புண் என்றார் ஒருவர். கண்பட்டுவிட்டது என்றார் இன்னொருவர். எஜமானை நினைத்து ஏங்குகிறது என்றார் மூன்றாமவர். எஜமான் போய் வருஷம் இரண்டாகியிருந்தது. நான் பிளேடைச் சாய்த்துப் பிடித்துப் பொருக்கைச் சுரண்டி, சின்னப் புட்டி ஒன்றில் போட்டு எடுத்துப் போனேன். பெரிய டாக்டர் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். எட்டுக் காலோடு ஒரு பூச்சி, யாருக்கும் பயப்படாமல் சாவகாசமாக நகர்ந்துகொண்டிருந்தது.

"சொறிப்பூச்சி" என்றார் அவர். "குதிரைய மட்டும் பாத்தா போதாது. அதத் தொட்டது எல்லாத்தையும் சுத்தம் பண்ணணும். ஒண்ணு விட்டுப்போனாலும் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்." வாய்வழியாகக் கொடுக்க ஒரு மருந்து எழுதினார். அதோடு கால் முடியைக் கத்தரித்து, பொருக்கை ஊறவைத்து எடுத்து, கந்தகக் கரைசலால் கழுவ வேண்டும். பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவையாக மூன்று சுற்று. முட்டைக்குள் இருப்பது பொரித்து வந்து மறுபடி முட்டையிடுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

"எல்லாத்தையும்" என்ற அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரியது என்பது குதிரைக்காரம்மாவின் வாசலில்தான் தெரிந்தது. குதிரைக்குப் பரப்பியிருந்த வைக்கோலை வாரிக் கொளுத்தினார். மண்தரையைச் செதுக்கி எடுத்துக் கொட்டிவிட்டு, ஏரியிலிருந்து புதுமண் கொண்டுவந்து போட்டார். சுவருக்கும் தூணுக்கும் சுண்ணாம்பு அடித்தார். தேய்க்கிற பிரஷ், சீப்பு, தலைக்கயிறு, முதுகுக் கம்பளி, சாக்கு, கடிவாள இரும்பு என்று கொதி தாங்குகிற எல்லாவற்றையும் நெல் அவிக்கிற அண்டாவில் போட்டு, சலவைச் சோடா கலந்து கொதிக்கவிட்டார். தோலைக் கொதிக்கவைக்க முடியாது, சுருண்டுவிடும். அதனால் சேணத்தையும் வயிற்றுவாரையும் சோப்புத் துணியால் தையல் தையலாகத் துடைத்து வெயிலில் போட்டார். சலங்கை மணிகளைப் பட்டையிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து, பல் துலக்குகிற பழைய பிரஷ்ஷால் தேய்த்தார். நாலு காலுக்கும் சேர்த்து எத்தனை மணி என்று எண்ண ஆரம்பித்து நான் பாதியில் விட்டுவிட்டேன். ஜரிகைத் துணிதான் பேஜார். வெந்நீரில் போட்டால் ஜரிகை கறுத்துப் பட்டும் பாழாகிவிடும். அங்கே மட்டும் என் தறிக்காரப் புத்தி உதவியது. நனைக்கவே வேண்டாம், பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி மூன்று மாசம் குதிரைப் பக்கம் கொண்டுவராதீர்கள், பூச்சி பட்டினியில் செத்துப்போகும் என்றேன். பெரிய டாக்டரும் அது சரிதான் என்றார். அன்றைக்கு நான் மார்பைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

இவ்வளவையும் ஒரு தடவை செய்தால் சரி, செய்யலாம். பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி வைக்கோலைக் கொளுத்தி, மறுபடி அண்டாவை ஏற்ற வேண்டும். பகலில் மற்றவர் கழனியில் வேலை, வந்த பிறகு இது. அவர் கை முழங்கை வரை சிவந்து தடித்திருந்தது. சோடாவாலா, பூச்சியாலா என்று அவருக்கே தெரியவில்லை. "மனுசனுக்குச் சீக்கு வந்தா பாயச் சுருட்டி வெளில போட்டாப் போதும். இதுக்கு வூட்டையே பேத்துக் கழுவணும்போல கீது" என்று சிரித்தார். சிரிக்கிறதற்குக்கூட அவரிடம் தெம்பு இல்லை. நின்ற இடத்திலேயே தூணில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அண்டா கொதித்து வழிந்து அடுப்பு அணைந்த சத்தம் கேட்டுத்தான் விழித்தார்.

முதல் சுற்றுக்குக் கந்தகக் கரைசல் ஒரு புட்டி இருந்தது. அழுகின முட்டை நாற்றம்; கழுவி முடித்து நான் வீட்டுக்குப் போனால் என் மனைவி கொல்லைப்பக்கம் வழியாக வரச் சொன்னாள். கழுவிய நாலைந்து நாளிலேயே குதிரை காலை அடிப்பது குறைந்தது. இரண்டாம் சுற்றுக்கு நாள் நெருங்கியபோது சென்னையிலிருந்து வரவேண்டிய புட்டி வந்து சேரவில்லை. இன்று வரும், நாளைக்கு வரும் என்று ஒரு வாரம் ஓடியது. குதிரை மறுபடி காலை அடிக்க ஆரம்பித்தது. வைகாசி முகூர்த்தத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மா தன் பங்குக் கழுவலையெல்லாம் இரண்டாம் முறையும் முடித்துவிட்டு, சுத்தமான தரையில் குதிரையை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அன்றைக்கு நாலு ஊரில் தடுப்பூசி போட்டுவிட்டு மண்டை காய்ந்து வந்திருந்தேன். பைக்குள் கைவிட்டேன். மாட்டுக்குப் போடுகிற உண்ணி மருந்து கையில் வந்தது.

எங்கள் பக்கத்தில் மாட்டின் காதில் தொங்குவதும் உண்ணி, நாயின் விரலிடுக்கில் ஒட்டியிருப்பதும் உண்ணி, கோழியின் மேல் ஊர்வதும் உண்ணிதான். எட்டுக் காலோடு மைக்ராஸ்கோப்பில் நடந்த அந்தப் பூச்சியும் பொடி உண்ணிதானே என்று என் புத்தி முடிச்சுப் போட்டுவிட்டது. உண்ணிக்கு உண்ணி மருந்து. எத்தனை நூறு மாடுகளை அதால் கழுவியிருக்கிறேன்! புட்டியின் மேல் பசு, ஆடு, நாய் என்று படம் போட்டிருந்தது. குதிரை இல்லை. இந்தக் காலத்தில் யார் குதிரைப் படம் போடப் போகிறார்கள் என்று நினைத்தேன். கடிவாளம் மாட்டிக் குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த அம்மா, "நாத்தம் வேற மாதிரி கீதே டாக்டரே" என்றார். "இதுவும் அதே மருந்துதாம்மா. இது இன்னும் நல்லாக் கேக்கும்" என்றேன். பெரிய டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவன் ஆகிவிடுவேன். நாலு காலையும் வயிற்றின் அடிப்பாகத்தையும் நன்றாக நனைத்துக் கழுவினேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட உட்கார்ந்தபோது தம்பியிடமிருந்து போன் வந்தது. "சார், குதிர ரெண்டு நாளா லத்தி போடல. தின்னவும் இல்ல. படுத்துக்கினு வவுத்தையே திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு கீது." போய்ப் பார்த்தேன். எழுந்தது, படுத்தது, புரண்டது. வெள்ளை உடம்பெல்லாம் வேர்த்து ஒட்டியிருந்தது. வயிற்றில் காது வைத்தால் சாதாரணமாகக் குதிரைக்குள் தண்ணீர் ஓடுகிற மாதிரி சத்தம் கேட்கும் என்று அந்த அம்மாவே எனக்கு ஒருமுறை சொல்லியிருந்தார். அன்றைக்கு உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் அவர் ஒரு மணி நேரத்தில் வந்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார், நரம்பில் பாட்டில் ஏற்றினார், வலிக்கு ஊசி போட்டார். அதற்குள் தெருவே கூடிவிட்டது.

கையைக் கழுவிக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார்: "ரெண்டாவது தடவையும் கந்தகம்தானே போட்டீங்க?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். தம்பி பார்த்தான். தெரு பார்த்தது. மருந்தால்தான் இது வந்தது என்று சத்தியமாக எனக்கு அந்த நிமிஷத்தில் தெரியாது. சொன்ன மருந்தைப் போடாமல் வேறொன்றைப் போட்டேன் என்பது மட்டும் தெரியும். அதை அங்கே சொன்னால், "யாரைக் கேட்டு மாத்தினீங்க?" என்று பெரிய டாக்டர் கேட்பார், நான் டாக்டர் இல்லை என்பது ஒரு தெருவுக்கே தெரிந்துவிடும். "ஆமா சார்" என்றேன்.

மருந்து சரி என்றால் காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும் அல்லவா, அவர் தேட ஆரம்பித்தார். தீனி மாறியதா? இல்லை. தண்ணீர்? இல்லை. வாய்க்குள் வேறு ஏதாவது போயிருக்குமா? சுற்றிப் பார்த்த அவர் கண் சுவரில் தொங்கிய கடிவாளத்தில் நின்றது. "இத எதுல கழுவினீங்கம்மா?" "சோடாத் தண்ணில கொதிக்க வச்சேன் சார்." "நல்லா அலசினீங்களா?" அந்த அம்மா பொய் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் சட்டென்று ஆமாம் என்றிருப்பார். அவர் நிஜமாகவே யோசித்தார். கழனியிலிருந்து வந்து கழுவிக் களைத்த அந்த நாளைத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தார். "அலசினேன் சார்... அலசினேன்னுதான் நெனைக்கிறேன்" என்றார். "சோடா ஒட்டினு இருந்து உள்ள போயிருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது. இனிமே நல்லா அலசுங்க" என்றார் பெரிய டாக்டர். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவருக்கு நான் கொடுத்த தகவலை வைத்து அவர் அவ்வளவுதான் சொல்ல முடியும். அவர் ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் அந்த "இருக்கலாம்" காணாமல் போய்விட்டது. அக்கா சோடாவைக் கொடுத்துக் குதிரையைக் கொல்லப் பார்த்தாள் என்று ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் அந்த மருந்துப் பெட்டியைப் பிரித்து, நாலாக மடித்திருந்த தாளை முதல்முறையாகப் படித்தேன். குதிரைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி. பிறகு புத்தகத்திலும் தேடிப் பார்த்தேன். குதிரையின் குடலை அந்த மருந்து அசையாமல் நிறுத்திவிடுமாம். அதை முறிக்க வேறு மருந்து உண்டாம். அதாவது நான் உண்மையைச் சொல்லியிருந்தால் குதிரைக்கு அன்றே நேரான வைத்தியம் கிடைத்திருக்கும். தாளை மடித்து உள்ளே வைத்தேன். அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நாளைக் காலையில் முதல் வேலையாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்று படுத்துக்கொண்டேன்.

காலையில் போனேன், சொல்லவில்லை. இரண்டு நாளும் அந்த அம்மா குதிரையைக் கயிற்றில் பிடித்து வாசலைச் சுற்றிச் சுற்றி நடத்திக்கொண்டிருந்தார். அது நின்றால் இவரும் நின்று அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்து ஏதோ சொல்வார். செவ்வாய்க்கிழமை காலை அது லத்தி போட்டது. லத்தியைப் பார்த்து ஒருவர் கை கூப்பி அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். குதிரை பிழைத்துவிட்டதே, இனி எதற்குப் பழையதைக் கிளற வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது. அந்த வாரமே தம்பி வந்து, "வாயில்லா ஜீவனக் கொல்லப் பாத்தியேக்கா" என்று சொல்லிக் குதிரையை அவிழ்த்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டான். "ஆவாத கைன்னு சொன்னா கோவம் வருது" என்றாள் அவன் பெண்டாட்டி. அந்த அம்மா தடுக்கவில்லை. "இஸ்துக்கினு போ. நான் தொட வேணாம்" என்றார். குதிரைதான் வாசலைத் தாண்டாமல் முரண்டு பிடித்தது.

மூன்றாம் சுற்றுக்குக் கந்தகம் வந்து சேர்ந்தது. பூச்சி ஒழிந்தது. வைகாசி முகூர்த்தத்துக்குக் குதிரை சலங்கையோடு போயிற்று. டாக்டருக்குக் கைராசி என்று தம்பி போகிற இடமெல்லாம் சொன்னான். கைராசிக்கார டாக்டர் என்று தாமல் பக்கத்திலிருந்துகூட ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். குதிரைக்காரம்மாவுக்கு மிஞ்சியது கழுவுகிற வேலை மட்டும். ஒவ்வொரு ஊர்வலத்துக்குப் பிறகும் கடிவாளம், கயிறு, பிரஷ், கம்பளி எல்லாம் சாக்கில் கட்டி அவர் வீட்டுக்கு வரும். அவர் கொதிக்கவைத்து, அலசி, காயவைத்துத் திருப்பி அனுப்புவார். அலசும்போது வாய்விட்டு எண்ணுவார். ஏழு தண்ணீர். ஏழாவது தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, சோடாக் கரிப்பு இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பார். "இனிப்பா கீதா டாக்டரே, நீங்க பாருங்க" என்று ஒருமுறை என்னிடமும் நீட்டினார். நானும் வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்து, "சுத்தமா இருக்கும்மா" என்றேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

ஏன் என்று என்னைக் கேட்டால் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு காரணம் சொல்வேன். மகள் கல்யாணம் முடியட்டும். பதவி உயர்வு வந்துவிடட்டும். இப்போது சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். கடைசியில் அதுவே பெரிய காரணமாகிவிட்டது. உண்மையில் நான் களைத்துப்போயிருந்தேன், பொய்யைச் சுமக்கிற களைப்புத்தான், அதை வேலைக் களைப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டு வழியாகப் போக வேண்டிய நாளில் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினேன். மாட்டிக்கொண்ட நாட்களில் தூரத்திலிருந்தே அவர் எண்ணுவது காதில் விழும். அவர் விரல் இடுக்குகளில் தோல் வெடித்து ஆறவே இல்லை. களிம்பு வாங்கிக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

போன வருஷம் அந்தக் குதிரை வயசாகித் தம்பி வீட்டில் செத்துப்போனது. குழி வெட்டி, உப்புக் கொட்டிப் புதைத்தார்கள். எல்லாரும் போன பிறகுதான் அந்த அம்மா கிட்டே போனாராம். தம்பி வேறொரு செவலைக் குதிரை வாங்கிவிட்டான். சாக்கு முன்போலவே வந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் நான் ஓய்வு பெற்றேன். மாலை, சால்வை, பேச்சு. ஒருவர் பேசும்போது என்னை, "எங்கள் டாக்டர்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். மறுநாள் காலை பஸ் ஏறி மானாம்பதியில் இறங்கினேன். இனிமேல் எனக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று ஆன பிறகு போய்ச் சொல்வதற்குத் துணிச்சல் என்று பேர் வைக்க முடியாது. அது எனக்கும் தெரியும்.

அவர் குழாயடியில் உட்கார்ந்திருந்தார். கடிவாளத்துக்கு நாலாவது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "வாங்க டாக்டரே, ரிடையர் ஆயிட்டீங்களாமே" என்றார் நிமிராமல். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உண்ணி மருந்து, பெரிய டாக்டரிடம் சொன்ன பொய், அன்று சாயங்காலம் படித்த தாள், ஒன்றும் விடவில்லை. அவர் கை நடுவில் நின்றுவிட்டது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அப்ப நான் நல்லாத்தான் அலசியிருந்தேனா?" என்றார்.

"நல்லாத்தாம்மா அலசியிருந்தீங்க."

குழாயை மூடினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். தெருவைக் கடந்து தம்பி வீட்டு வாசலில் போய் நின்று அவனைக் கூப்பிட்டார். அவன் வந்தான், அவன் பெண்டாட்டியும் வந்தாள். "எங்கிட்ட சொன்னத இவங்ககிட்ட சொல்லுங்க. அதே மாதிரி சொல்லுங்க" என்றார். சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. தம்பி என் சட்டையைப் பிடித்துவிட்டு, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டான். "யக்கா..." என்று ஆரம்பித்தவனை அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். அன்னிக்கு அதுவா என் வாசல்லேர்ந்து வரமாட்டேன்னு நின்னுச்சு. நீதான் இஸ்துக்கினு வந்த" என்றார். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் அழுததை அப்போதுதான் பார்த்தேன். குதிரையை ஒன்பது வருஷம் தொடாமலே இருந்துவிட்டாரே! அது செத்தும்போயிற்று. அந்த ஒன்பது வருஷத்தை நான் எங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பேன்?

திரும்பும்போது வாசலில் நிறுத்தினார். பத்து வருஷத்தில் முதல்முறையாக டாக்டரே என்று கூப்பிடவில்லை. "ஊர்ல எல்லாரும் அன்னிக்கு என்ன நெனைச்சாங்கன்னு எனக்குத் தெரியும். யாரு கேட்டாலும் நீங்க இதச் சொல்லணும். கேக்காதவங்களுக்கும் சொல்லணும்" என்றார். சரிம்மா என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அலசி முடிக்காமல் விட்ட கடிவாளம் குழாயடியிலேயே கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் கூடி நின்றவர்களில் கண்ணில் பட்டவர்களுக்குச் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் எழுந்து போய்விட்டார். பெரிய டாக்டர் மாற்றலாகித் தெற்கே போயிருந்தார். எண்ணைத் தேடிப் பிடித்து அவருக்கும் சொன்னேன். அவர், "அந்தம்மாகிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டார். மிச்சப்பேரை நான் எங்கே போய்த் தேடுவது? செத்தவர்கள் இருக்கிறார்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள், கல்யாண வீடுகளில் கேள்விப்பட்டவர்கள் எந்தெந்த ஊரிலோ இருக்கிறார்கள். அதனால்தான் எழுதத் தெரியாதவன் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்த அம்மா கடிவாளத்தை நன்றாகத்தான் அலசியிருந்தார்.